முகூர்த்தம் முதல் வரவேற்பு வரை: மணப்பெண்ணுக்கான ஃபவுண்டேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண நாள் குறித்தவுடன் புடவைக்கும் நகைக்கும் மாதக்கணக்கில் அலையும் வீடுகளில், முகத்தில் பூசப்போகும், தோலின் நிறத்தைச் சீராக்கும் பூச்சான ஃபவுண்டேஷனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுகிறது. தமிழ்நாட்டு மண்டபங்களில் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்துவரும் எனக்கு, அந்தக் கடைசி வாரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளில் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. அவற்றுக்குச் சற்று நிதானமாகவே விடை சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எந்த ஃபவுண்டேஷன் வாங்கலாம்?

நீண்ட நேரம் நிற்பதில் பெயர் பெற்றவை சில உண்டு. 1997இல் வந்த எஸ்டீ லாடரின் டபுள் வேர், ரெவ்லானின் கலர்ஸ்டே, மேக் நிறுவனத்தின் ஸ்டுடியோ ஃபிக்ஸ் ஆகியவை மணப்பெண் ஒப்பனையில் பல ஆண்டுகளாகப் புழங்குகின்றன. சினிமாவிலும் மேடையிலும் பழகிய ஒப்பனைக் கலைஞர்கள் பெர்லினைச் சேர்ந்த கிரையோலானின் குச்சி வடிவ ஃபவுண்டேஷனை இன்றும் கையில் வைத்திருப்பார்கள். ஆனால் இவற்றில் எதை வாங்கினாலும், நிறம் உங்கள் கழுத்தோடு பொருந்தாவிட்டால் விலை உங்களைக் காப்பாற்றாது. சரியான நிறத்தில் கிடைக்கும் மலிவான புட்டி, தவறான நிறத்தில் கிடைக்கும் உயர்ந்த புட்டியைவிடப் படத்தில் நூறு மடங்கு நன்றாக விழும். ஆகவே முதலில் நிறம், அடுத்து உங்கள் சருமத்தின் தன்மை, அதற்கும் பிறகே நிறுவனத்தின் பெயர் என்ற வரிசையில் தேடுங்கள்.

புட்டியில் "24 மணி நேரம்" என்று போட்டிருக்கிறதே, அது உண்மையா?

குளிர்சாதன அறையில் அமர்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய உண்மையாக இருக்கலாம். வைகாசி மாதத்தில் ஹோம குண்டத்துக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கு அந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை. இத்தகைய ஃபவுண்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும். அதில் எளிதில் ஆவியாகும் சிலிக்கோன் திரவம் ஒன்று இருக்கிறது. பூசிய சில நிமிடங்களில் அது பறந்துபோக, நிறமிகளைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பிசின் படலம் ஒன்று தோலின் மேல் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து படும் தண்ணீரையும் துணியின் உராய்வையும் அந்தப் படலம் ஓரளவு தாங்கும். வியர்வையும் எண்ணெயும் உள்ளேயிருந்து, அதாவது படலத்துக்கு அடியிலிருந்து வருகின்றன என்பதுதான் சிக்கல். மூக்கின் இரு பக்கங்கள், மேலுதடு, நெற்றி ஆகிய இடங்களில் ஃபவுண்டேஷன் முதலில் விட்டுப்போவதற்குக் காரணம் இதுவே. அதனால்தான் தடிமனாகப் பூசினால் அதிக நேரம் தாங்கும் என்ற எண்ணம் தவறாகிறது. தடித்த பூச்சு வெடித்துத் திட்டுத் திட்டாக உரியும். மெல்லிய பூச்சு, விலகினாலும் தெரியாமல் விலகும்.

எங்களுக்கு முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை முகூர்த்தம். ஒரே ஒப்பனை போதுமா?

போதாது. இரண்டையும் இரண்டு தனி ஒப்பனைகளாகவே கணக்கிடுங்கள். வரவேற்பு முடிந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வரும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். முகூர்த்தம் ஆறு மணிக்குள் என்றால் மூன்று மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். இடையில் கிடைக்கும் அந்த மூன்றரை மணி நேரத்தில் முகத்தைக் கலைக்காமல் தூங்கிவிட்டு அதன் மேலேயே மறுபடி பூசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. பழைய பூச்சின் மேல் ஏறும் புதிய பூச்சு எந்தப் பிசினாலும் நிற்காது; விடியற்காலை வெளிச்சத்தில் அது சுவரில் காரை பெயர்ந்தது போலத் தெரியும்.

என் நிறத்துக்கு ஏற்ற ஷேடை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் பெரும்பாலோர் புறங்கையில் தடவிப் பார்க்கிறார்கள். புறங்கை வெயில் பட்ட இடம்; அதற்கும் முகத்துக்கும் உறவு குறைவு. தாடை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், அருகருகே மூன்று ஷேடுகளைச் சிறு கோடுகளாக இழுத்து, கடையின் விளக்குகளை விட்டு வாசலுக்கு வந்து கைக்கண்ணாடியில் பாருங்கள். எந்தக் கோடு இருக்கும் இடம் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்களுடையது. அப்போதே வாங்கிவிடாமல், அந்தக் கோட்டோடு ஒரு மணி நேரம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி பார்ப்பது இன்னும் நல்லது.

நம்மில் பலருக்கு முகம் முழுவதும் ஒரே நிறமாக இருப்பதில்லை. கன்னம் வெளிறியும், நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கருத்தும், கழுத்து இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டும் இருக்கும். இத்தகையவர்கள் கன்னத்தைக் கணக்கில் எடுக்காமல் கழுத்தையும் மார்பின் மேற்பகுதியையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் படத்தில் முகத்துக்குப் பக்கத்தில் தெரியப்போவது அந்த இடம்தான்.

அடுத்து அண்டர்டோன், அதாவது தோலுக்கு அடியில் ஓடும் சாயல். தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும். சிலருக்கு ஆலிவ் காயைப் போன்ற மெல்லிய பச்சைச் சாயலும் உண்டு. மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கச் சொல்லும் சோதனை மாநிறத்துக்கும் அதற்கு மேற்பட்ட கருமைக்கும் அவ்வளவாக உதவாது. மேக் நிறுவனத்தின் ஷேடுகளில் என்.சி. என்று தொடங்குபவை பொன் சாயலுக்கும், என்.டபிள்யூ. என்று தொடங்குபவை இளஞ்சிவப்புச் சாயலுக்கும் உரியவை. அந்த எழுத்துகளின் விரிவாக்கத்தை (நியூட்ரல் கூல், நியூட்ரல் வார்ம்) பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான வரிசையை வாங்கி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் உங்கள் நிறம் விழுந்தால், இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வதில் தவறில்லை. 2017இல் ஃபென்டி பியூட்டி நாற்பது ஷேடுகளுடன் வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கருமையான நிறங்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியதால், கலக்க வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

கல்யாணப் பெண்தானே, ஒரு ஷேடு வெளுப்பாகப் போட்டால் என்ன என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்ணின் அத்தையோ சித்தியோ பின்னால் நின்றுகொண்டு கேட்பார்கள். மாட்டேன் என்றுதான் சொல்லிவருகிறேன். காரணம் கொள்கை மட்டுமல்ல, வேதியியலும்கூட. ஃபவுண்டேஷனில் வெண்மையைத் தருவது டைட்டானியம் டையாக்ஸைடு. மஞ்சள், சிவப்பு, கருப்பு ஆகியவற்றைத் தருபவை இரும்பு ஆக்ஸைடுகள். உங்கள் நிறத்தைவிட வெளுப்பான ஷேடில் வெள்ளை நிறமி கூடுதலாகவும் இரும்பு ஆக்ஸைடு குறைவாகவும் இருக்கிறது. பழுப்பு நிறத் தோலின் மேல் அந்த வெள்ளை படரும்போது வெளுத்த நிறம் கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். நேரில் பார்க்கும்போது முகம் திருநீறு பூசிக் கழுவியது போலவும், படத்தில் முகமும் காதும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போலவும் தெரியும். காதைச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் கழுத்துக்குப் பூசிவிட்டுக் காதை மறந்துவிடுவதுதான்.

பூசும்போது சரியாக இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் கருத்துவிடுகிறது. ஏன்?

உலர்ந்த மண் தரையில் தண்ணீர் தெளித்தால் அந்த இடம் கருக்கிறதல்லவா, ஏறக்குறைய அதுபோன்ற நிகழ்வுதான். திரவம் ஆவியானதும் நிறமிகள் நெருங்கி அமர்கின்றன. பிறகு முகத்தில் ஊறும் எண்ணெய் அவற்றை நனைக்கிறது. நனைந்த நிறமி அடர்ந்து தெரிகிறது. எண்ணெய்ப் பசை அதிகமுள்ளவர்கள் இதற்காகவே கடையில் பார்த்த நிமிடத்தில் வாங்காமல், சில மணி நேரம் கழித்துத் தெரியும் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும். அரை ஷேடு கருப்பது இயல்பு. ஒரு ஷேடுக்கு மேல் கருத்தால் அந்தப் புட்டி உங்களுக்கு உரியதல்ல.

என் தோழியின் திருமணப் படங்களில் முகம் மட்டும் மாவு கொட்டியது போல இருந்தது. எனக்கும் அப்படி ஆகுமா?

ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்புவதால் ஏற்படும் விளைவு அது. இரண்டு பொருள்கள் முக்கியக் காரணம். ஒன்று, சூரிய ஒளியைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படும் துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டையாக்ஸைடும், எஸ்.பி.எஃப். எண் அதிகமுள்ள ஃபவுண்டேஷன்களிலும் சன்ஸ்கிரீன்களிலும் இவை மிகுந்திருக்கலாம். மற்றொன்று, நிறமற்றதாகத் தோன்றும் சிலிக்கா பவுடர். வெறும் கண்ணுக்கு அது மாயமாக மறைந்திருக்கும்; ஃபிளாஷில் மட்டும் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாக எழுந்து நிற்கும்.

அனுபவமுள்ள புகைப்படக்காரர்கள் ஃபிளாஷை நேராக அடிக்காமல், குடையிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும்படி வைப்பதால் அவர்களுடைய படங்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் மேடைக்குக் கீழே வரிசையில் நின்று கைப்பேசியில் நேர் ஃபிளாஷ் அடிக்கும் உறவினர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அன்றைக்கு மாலையே குடும்பக் குழுவில் வலம்வரப்போவதும் அவர்கள் எடுக்கும் படங்களே. சோதித்துப் பார்ப்பது எளிது. திருமணத்தன்று பயன்படுத்தப்போகும் எல்லாவற்றையும் அதே வரிசையில் பூசிக்கொண்டு, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, யாரையாவது கைப்பேசியில் ஃபிளாஷுடன் இரண்டடி தூரத்திலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை தெரிந்தால் முதலில் பவுடரை மாற்றுங்கள், பிறகு சன்ஸ்கிரீனை மாற்றுங்கள். பெரும்பாலும் ஃபவுண்டேஷன் வரை போக வேண்டியிருக்காது.

மண்டப விளக்கில் ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாகத் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். வீடியோ விளக்கு வெண்மையாக இருந்தால் முகம் வெளிறும். பழைய மஞ்சள் விளக்கானால் முகம் மஞ்சளிக்கும். வெளியில் போட்ட பந்தல் துணி எந்த நிறமோ அந்த நிறத்தைத்தான் பகல் வெளிச்சம் முகத்தில் கொட்டும். சிவப்புக் கூறைப்புடவை தாடைக்கு அடியில் செம்மை சேர்க்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்பத் தனித்தனியாகப் பூச முடியாது. பகல் வெளிச்சத்துக்குச் சரியான நிறத்தைப் பிடித்துவிட்டு, மீதியைப் புகைப்படக்காரரின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

எனக்கு எண்ணெய்ப் பசை உள்ள சருமம். பிரைமர் கட்டாயமா?

ஃபவுண்டேஷனுக்கு முன் தடவும் அடிப்பூச்சுதான் பிரைமர். கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் போட்டால் போதும். பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். சிலிக்கோன் பிரைமரின் மேல் நீர் சார்ந்த ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் ரப்பர் அழித்த துகள் போல உருண்டு உருண்டு வரும். வறண்ட சருமம் உள்ளவர்கள் மாய்ஸ்சரைசரைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே ஃபவுண்டேஷனைத் தொட வேண்டும். அவசரத்தில் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அளவைப் பொறுத்தவரை, முகத்துக்கு ஒரு பம்ப், கழுத்துக்கும் காதுக்கும் இன்னொரு பம்ப். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்பினால் அது தோலோடு படியும்.

ஹோமப் புகை, வியர்வை, கண்ணீர், மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

மணவறையில் நெருப்பு அணைந்துவிடக் கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பட்டுப்புடவை, ஒட்டியாணம், கழுத்தில் ஈரம் சொட்டும் மாலை, முன்னால் நெருப்பு என்ற நிலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வியர்க்காமல் இருக்க எந்த ஃபவுண்டேஷனாலும் வழியில்லை. வியர்வையை எப்படித் துடைப்பது என்பதுதான் அங்கே ஒப்பனையின் ஆயுளை முடிவு செய்கிறது.

பக்கத்தில் நிற்கும் அக்காவிடமோ தோழியிடமோ டிஷ்யூ காகிதங்களை ஒற்றை ஒற்றையாகப் பிரித்து மடித்துக் கொடுத்து வையுங்கள். வியர்வை அரும்பியவுடன் காகிதத்தை முகத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஈரம் போன பிறகே பவுடர் பஃப்பைத் தொட வேண்டும். ஈரத்தின் மேல் பவுடரை அப்பினால் அது களியாகிவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. கன்னிகாதானத்தின்போது அப்பா கையைப் பிடித்துக் கொடுக்கையில் வரும் கண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை. மடித்த காகிதத்தின் முனையைக் கீழ் இமையின் ஓரத்தில் வைத்தால் கன்னத்தில் வழிவதற்கு முன்பே அது உறிஞ்சிக்கொள்ளும்.

தாலி கட்டியவுடன் நடப்பவற்றை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. நாலாபுறமும் இருந்து வரும் மஞ்சள் அட்சதை, வியர்த்த கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்; மாப்பிள்ளை வகிட்டில் வைக்கும் குங்குமம் மூக்கின் மேல் சிந்தும். அட்சதையை ஒவ்வொன்றாக விரல் நுனியால் எடுத்துவிடுங்கள். குங்குமத்தை விரலால் துடைத்தால் சிவப்புக் கோடாக இழுத்துவிடும். காய்ந்த பவுடர் பிரஷ்ஷால் தட்டினால் வந்த வழியே போய்விடும். அடுத்த படம் மூத்தோர் ஆசீர்வாதம் என்பதால் இதற்குக் கிடைப்பது அரை நிமிடம்தான்.

ஏர்பிரஷ் ஒப்பனை செய்துகொண்டால் இந்தத் தொல்லைகள் இல்லை என்கிறார்களே?

சிறு காற்றழுத்தக் கருவியால் ஃபவுண்டேஷனைப் பனித்துளி போலத் தெளிக்கும் முறை அது. மிக மெல்லியதாக, சீராகப் படிகிறது. சருமம் தெளிவாக இருப்பவர்களுக்குப் படங்களில் அழகாக விழுகிறது. கண்ணீர் வழிந்து ஒரு கோடு விழுந்துவிட்டால் மட்டும், அதைக் கைப்பூச்சால் ஒட்டுப்போடுவது கடினம். நிறைய அழக்கூடியவர் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் வழக்கமான முறையே நல்லது. 'ஹெச்.டி. மேக்கப்' என்பது தனிப்பட்ட ஒரு பொருளின் பெயர் அல்ல. நுண்மையான நிறமிகளைக் கொண்டு மெல்லியதாகச் செய்யும் பூச்சை அப்படி அழைக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால், எந்தெந்தப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கன்னத்தில் மங்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஃபவுண்டேஷனை இன்னும் அழுத்தமாகப் போடலாமா?

வேண்டாம். கருமையின் மேல் ஃபவுண்டேஷனை மட்டும் அடுக்கினால் சாம்பல் திட்டுதான் வரும். ஆரஞ்சு சாயலுள்ள கரெக்டரை அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தட்டிவிட்டு, அதன் மேல் வழக்கமான அளவில் ஃபவுண்டேஷனைப் போடுங்கள். ஆரஞ்சு நிறம் நீலங்கலந்த கருமையைத் தணித்துவிடுவதால் மேல் பூச்சுக்கு வேலை குறைகிறது.

ஃபேஷியல், பிளீச், நலங்கு எல்லாவற்றையும் எப்போது வைத்துக்கொள்வது?

பிளீச்சும் புதிய ஃபேஷியலும் திருமண வாரத்தில் வேண்டவே வேண்டாம். திரெடிங்கை இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அன்றே செய்தால் அந்த இடத்தில் ஃபவுண்டேஷன் எரியும். புதிய பொருள் எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

நலங்கு மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் முகத்தில் பூசிய மஞ்சள் எவ்வளவு கழுவினாலும் மறுநாள் வரை மஞ்சள் சாயலாகத் தங்கும்; மாதம் முன்பு பார்த்துப் பார்த்து வாங்கிய ஷேடு அன்றைக்குப் பொருந்தாமல் போகும். கும்பகோணத்தில் ஒரு திருமணத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு இதைக் கண்டுபிடித்து, கையிலிருந்த மூன்று புட்டிகளைக் கலந்து சமாளித்தது நினைவிருக்கிறது. முகத்துக்குப் பெயருக்கு ஒரு தீற்றல், கைக்கும் காலுக்கும் தாராளமாக என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் அவர்கள் மறுப்பதில்லை. மங்கள ஸ்நானத்தில் எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில், நெற்றி முடியோரத்தில் எண்ணெய் மிச்சமில்லாமல் கழுவுங்கள். அங்கே ஃபவுண்டேஷனும் நிற்காது, நெற்றிச்சுட்டியும் நழுவும்.

ஒப்பனைக் கலைஞரை அமர்த்தியிருக்கிறேன். டிரையல் அவசியமா?

அவசியம். டிரையல் எனப்படும் ஒத்திகை ஒப்பனை முடிந்ததும் படமெடுத்துவிட்டு முகத்தைக் கழுவிவிடாதீர்கள். அந்த முகத்தோடே வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்று நாலு பேருக்குத் தோசை வார்த்துப் பாருங்கள். தோசைக்கல்லின் அனலும் ஹோம குண்டத்தின் அனலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு மணி நேரம் கழித்து எந்த இடத்தில் விலகியிருக்கிறது என்று படமெடுத்து அவருக்கு அனுப்பினால், திருமணத்தன்று அந்த இடத்தில் அவர் கூடுதல் கவனம் செலுத்துவார். பஞ்சும் பிரஷ்ஷும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கேட்கச் சங்கடப்பட வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் ஃபவுண்டேஷன் போடலாமா?

போடலாம், பலர் போட்டுக்கொள்கிறார்கள். மூக்கைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் மட்டும் மிக மெல்லியதாகப் போதும். தாடி வைத்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வெள்ளைச் சட்டைக் காலரில் ஒட்டாமலிருக்கப் பவுடர் தட்டிய பிறகே சட்டையை மாட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எப்படிக் கலைப்பது? மீதமுள்ள புட்டியை என்ன செய்வது?

நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷன் வெறும் சோப்புக்கு அசையாது. கிளென்சிங் ஆயிலையோ தேங்காய் எண்ணெயையோ காய்ந்த முகத்தில் இரண்டு நிமிடம் மெதுவாகத் தடவி, பஞ்சால் எடுத்துவிட்டு, அதன் பிறகு ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். புட்டியின் பின்னால் திறந்த டப்பா படமும் அதற்குள் 12 போன்ற ஓர் எண்ணும் இருக்கும்; திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம். முப்பது மில்லி புட்டியில் திருமணத்துக்குச் செலவானது கால்வாசிகூட இருக்காது. மறுவீட்டுக்கும் தலைதீபாவளிக்கும் தாராளமாக வரும்.